பதினான்கு வளைவும் ஒரு மூன்று சக்கர வண்டியும்

நீலகிரிக்குப் போகிறவர்கள் பலவிதம். தாவரவியல் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஏரியில் படகு விடப் போகிறவர்கள் உண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் கம்பளிச் சட்டையை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றே போகிறவர்களும் உண்டு. ஆனால், ரோட்டைப் பார்ப்பதற்காக நீலகிரிக்குப் போனவர் யாராவது உண்டா? மேட்டுப்பாளையத்தில் கண்ணை மூடிக் குன்னூரில் திறப்பவர்கள்தான் அதிகம்.

இந்தத் தடவை வாசகர்களை அந்த ரோட்டுக்குத்தான் அழைத்துப் போகிறேன். சொகுசுக் காரில் அல்ல. இரண்டு சக்கர வண்டியாகப் பிறந்து, பிறகு மூன்று சக்கர வண்டியாக மாற்றப்பட்டு, ஒருவர் ஓட்டி முடித்து இன்னொருவர் கைக்கு வந்து சேர்ந்த பழைய வண்டியில்!

அப்படிப்பட்ட வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஸ்கூட்டர்தான், பின்சக்கரத்துக்கு இரு புறமும் ஒவ்வொரு சிறு சக்கரம் பூட்டியிருக்கும். இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இலவசமாக வழங்கும் 'இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்' இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். எண்ணிப் பார்த்தால் நான்கு சக்கரம் இருக்கும். ஆனாலும் ஊரார் அதை 'மூணு சக்கர வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். பின்சக்கரத்தை அடியோடு எடுத்துவிட்டு, குறுக்கே ஓர் அச்சுப் போட்டு இரண்டு சக்கரம் மாட்டிய புல்லட் போன்ற மோட்டார் சைக்கிள்களும் உண்டு. இவை அசல் மூன்று சக்கரம்.

சமவெளியில் இந்த வண்டி ஒரு சௌகரியம். மலையிலோ அதுவே கால். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகள் பலவற்றுக்கு ரோட்டிலிருந்து படி ஏறவோ, படி இறங்கவோ வேண்டும். கையால் மிதிக்கும் சைக்கிள் அந்தச் சரிவில் ஏறாது. பஸ்ஸின் படியோ முழங்கால் உயரம். ஆகவே, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒருவர் பிறர் தயவின்றி ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் வேலைக்கும் போய் வர வேண்டுமானால் இந்த வண்டி மலை ரோட்டில் நேராக ஓட வேண்டும். சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும். நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் வண்டி தடுமாறினால் காலை ஊன்றிக்கொள்ளலாம். இவருக்கு அந்த வசதி இல்லை.

மூன்று சக்கரம் என்பது புதிய சங்கதி அல்ல. 1886-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உரிமம் கோரிய உலகப் புகழ் பெற்ற மோட்டார் வண்டிக்கே மூன்று சக்கரம்தான். காரணம் சிக்கனம் அல்ல. முன்னால் இரண்டு சக்கரத்தை வைத்து ஒழுங்காகத் திருப்பும் வகை அவருக்கு அப்போது திருப்தியாக அமையவில்லை! நம் தேசத்திலோ, டில்லியில் பழைய ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பெட்டி கட்டி 'பட்பட்டி' என்று ஆள் ஏற்றினார்கள். சௌராஷ்டிரத்துக் கிராமங்களில் புல்லட்டின் முன்பாதியும் தட்டு வண்டியின் பின்பாதியும் சேர்ந்து 'சக்டா' ஆயிற்று. சென்னையின் மீன்பாடி வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவை யாவும் ஓடியது சமதரையில். மலைக்கு வந்தால்தான் மூன்று சக்கரத்தின் உண்மைக் குணம் வெளியாகும்.

அந்தக் குணம் என்ன? இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். மூன்று சக்கர வண்டி சாயாது. இந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. சாய்கிற வண்டி வளைவின் விசையைத் தன் சாய்வினாலேயே தாங்கிக்கொள்கிறது. சாயாத வண்டியோ அதை டயருக்கும், ஹாண்டிலுக்கும், ஓட்டுகிறவர் புஜத்துக்கும் அனுப்பிவிடுகிறது. வேகமாகப் போகும் ஸ்கூட்டரை இடப்புறம் திருப்ப, நாம் அறியாமலே இடக்கைப் பிடியை ஒரு கணம் முன்னால் தள்ளுகிறோம். வண்டி இடப்புறம் சாய்ந்து திரும்புகிறது. அதே பழக்கத்தில் மூன்று சக்கர வண்டியின் இடப்பிடியைத் தள்ளினால் அது சாதுவாக வலப்புறம் போகும். வலப்புறம் என்பது இந்த ரோட்டில் சில இடங்களில் பள்ளத்தாக்கு! ஆகவே, வருஷக்கணக்காக இரண்டு சக்கரம் ஓட்டியவர்தான் முதலில் ஒரு மைதானத்தில் பழகிக்கொள்ள வேண்டும்.

சரி, புறப்படலாமா?

மேட்டுப்பாளையத்தில் புறப்படும் முன் ஐந்து நிமிஷப் பரீட்சை ஒன்று இருக்கிறது. முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டிக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுங்கள். முன் போர்க்கின் அடிப்பாகத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டால் ஹாண்டில் தண்டின் கோன் செட் தளர்ந்திருக்கிறது. இப்போது ஹாண்டிலை மெல்ல இப்புறமும் அப்புறமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் குண்டுகள் கிண்ணத்தில் குழி பறித்துவிட்டன என்று அர்த்தம். அதை இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். பழைய வண்டியின் 'ஸ்டியரிங் சரியில்லை' என்ற புகாரில் பெரும் பகுதி இந்தச் சின்னக் குண்டுகளின் கைவரிசை.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. குன்னூர் வரையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் ஒரு பரீட்சைத் தாள்.

வளைவில் மூன்று சக்கர வண்டி ஏன் கவிழப் பார்க்கிறது? முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மூன்றையும் கோட்டால் இணைத்தால் முக்கோணம். வண்டியும் ஆளும் சேர்ந்த கனத்தின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை க்ஷேமம். ஓர் உதாரணக் கணக்குப் பாருங்கள். பின்சக்கரங்களின் இடைவெளி 100 சென்டிமீட்டர்; முன்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் 130; கனத்தின் மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில், முன்சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில், ரோடு சமமாக இருந்தால், சுமார் 26 கிலோமீட்டர் வேகத்தில் உட்புறச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பின்னால் ஒருவர் ஏறி, மையம் 75 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால் 23 கிலோமீட்டரே போதும்! பின்சக்கரங்களைப் பதினைந்து சென்டிமீட்டர் அகட்டி வைத்தால் எல்லை 28-க்கு உயரும்.

இதிலிருந்து தெரிவது என்ன? சுமையைப் பின்னால் வை, கீழே வை. ஊன்றுகோலையும் பையையும் காஸ் சிலிண்டரையும் ஹாண்டிலில் தொங்கவிடாமல், பின் அச்சை ஒட்டித் தாழ்வாக ஒரு கூடை அமைப்பது, விலையுயர்ந்த எந்த ஸ்பிரிங்கையும் விட அதிகப் பலன் தரும். இருக்கையின் பஞ்சை இரண்டு அங்குலம் குறைப்பதும் அப்படியே.

பர்லியாறு வருவதற்குள் சிலருக்குக் கை வலி கண்டிருக்கும். ஹாண்டில் கல்லாகக் கனக்கிறது. இதற்கும் காரணம் உண்டு. ஹாண்டில் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டிப் பார்த்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஆபீஸ் நாற்காலியின் உருளைச் சக்கரம் தானாகவே பின்னால் திரும்பிக்கொள்கிறதல்லவா, அதே தத்துவம். மோட்டார் சைக்கிளுக்கு இது சாதாரணமாக 8 முதல் 11 சென்டிமீட்டர் வரை இருக்கும். வண்டியை நேராக ஓடச் செய்யும் குணம் இது. சாய்கிற வண்டிக்கு இது வரம். சாயாத வண்டியைத் திருப்பும்போதோ ஒவ்வொரு அங்குலத்துக்கும் கை மல்லுக்கட்ட வேண்டியதாகிறது.

ஆகையால் மூன்று சக்கர மாற்றத்தில் கைதேர்ந்தவர்கள் டிரெயிலைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். போர்க்கைப் பிடிக்கும் மேல் கீழ்த் தட்டுகளை மாற்றி, தண்டின் சாய்வை விடப் போர்க் மட்டும் நான்கு முதல் ஆறு டிகிரி அதிகமாக முன்னால் நீளும்படி செய்வார்கள். ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1955 முதல் 1969 வரை செய்த மோட்டார் சைக்கிள்களில், பக்கவாட்டுப் பெட்டி மாட்டும்போது டிரெயிலைக் குறைத்துக்கொள்ள முன் போர்க்கில் இரண்டாவது துளையே வைத்திருந்தது. ஆனால் ஒன்று: அழகுக்காகச் சட்டத்தையே வளைத்துத் தண்டோடு சேர்த்துப் போர்க்கை முன்னால் நீட்டுகிறார்களே, அதில் டிரெயில் கூடும், ஹாண்டில் முன்னிலும் கனக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அதிகமாகக் குறைத்தாலும் ஆபத்து. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஹாண்டில் இப்படியும் அப்படியுமாகத் தலையாட்டத் தொடங்கும். அதற்குத்தான் ஸ்டியரிங் டாம்பர் என்ற சிறு எண்ணெய்க் குழாய். ஆனால், தளர்ந்த கோன் செட்டை மறைக்க டாம்பர் போடுவது, பல்வலிக்குப் போர்வை போர்த்திக்கொள்வது போல. தட்டு மாற்றும் வேலைக்குப் போவதற்கு முன் காற்றழுத்தம், கோன் செட், சக்கர நேர் மூன்றையும் சரி பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் அங்கேயே வியாதி தீர்ந்துவிடும்.

பர்லியாறுக்கு மேலே பல நாள் மூடுபனி, ரோடு நனைந்திருக்கும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரின் இன்னொரு மர்மம் இங்கே வெளியாகிறது. யந்திரம் சுற்றுவது நடுச்சக்கரத்தை மட்டுமே. பக்கச் சக்கரங்களைத் தாழ்த்திப் பூட்டிவிட்டால், கனம் முழுவதையும் அவையே தாங்கிக்கொள்ளும். நடுச்சக்கரம் ஈர ரோட்டில் வெறுமனே சுழலும். பிரேக்கும் பல வண்டிகளில் அந்த நடுச்சக்கரத்தில்தான். ஆகவே ஏறவும் ஏறாது. இறங்கும்போது நிற்கவும் நிற்காது! உயர்த்திப் பூட்டினாலோ வண்டி படகு மாதிரி இப்புறம் அப்புறம் ஆடும். மூன்றும் தரையைத் தொட்டபடி, நடுச்சக்கரம் நல்ல கனம் தாங்கும்படி வைப்பதே சரியான உயரம். இதை வெற்று வண்டியில் பார்த்தால் போதாது. ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில், அவருடைய வழக்கமான சாமானோடு பார்க்க வேண்டும்.

அச்சுப் போட்ட மோட்டார் சைக்கிளுக்கு வேறு கதை. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருந்தால், வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டியிருக்க, உட்சக்கரம் விடமாட்டேன் என்று பிடிவாதம் செய்யும். ஹாண்டிலைத் திருப்பிய பிறகும் வண்டி நேரே போகப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் இதைவிட வேறு வினை வேண்டாம். டிஃபரன்ஷியல் உள்ள அச்சு ஒன்றுதான் இதற்கு மருந்து. ஒரு சக்கரத்தை மட்டும் சுழற்றும் சிக்கன ஏற்பாட்டில், ஆக்சிலரேட்டரைத் திருகும் போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

குன்னூர் வந்துவிட்டோம். உயரம் சுமார் 1,850 மீட்டர். டீ குடிக்கும் நேரத்தில் ஒரு நூல்கண்டு வாங்கி வாருங்கள். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல வண்டிக்கும் நூல் பிடிக்கலாம். ஹாண்டிலை நேராக வைத்து, முன்சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற் போல் பின்னால் வரை நூலை இழுத்துக் கட்டி, பக்கச் சக்கரம் ஒவ்வொன்றின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். இரண்டுக்கும் சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், அந்தச் சக்கரம் ரோட்டில் உருளாமல் தேய்ந்துகொண்டே வருகிறது. டயர் ஒரு பக்கம் ரம்பப் பல் போலத் தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. வாஷரோ துளையோ மாற்றிச் சரி செய்ய ஒரு மணி நேர வேலை; கைவலி பாதி குறையும்.

டயர் காற்றையும் கவனியுங்கள். பக்கச் சக்கரங்கள் தாங்குவது கொஞ்சக் கனம்தான். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குரிய காற்றை அவற்றிலும் அடித்தால் பந்தாகத் துள்ளும். துள்ளல் முழுவதும் முதுகெலும்புக்கு. டயர் கம்பெனி அனுமதிக்கும் எல்லைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். ஒரு வேடிக்கை கேளுங்கள்: மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயரின் அழுத்தம் கூடியதாக மானி காட்டும். குளிர் அதைக் குறைத்துக் காட்டும். ஊட்டி போய்ச் சேரும்போது இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிக்கொள்கின்றன!

குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி வழியாக ஊட்டிக்குப் போகும் நடுவில், ஏதாவது ஓர் எஸ்டேட் ரோட்டில் நுழைந்து பாருங்கள். இரு புறமும் வெட்டி விட்ட பச்சைக் கம்பளம். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். கண்ணுக்கு விருந்து. ரோடோ ஜீப்பும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு தடமாகப் பள்ளம் விழுந்து, நடுவில் மேடு. ஜீப்புக்கு இரண்டு தடம் போதும். மூன்று சக்கர வண்டிக்கு மூன்று தடம் வேண்டும்! பின்சக்கரங்கள் பள்ளத்தில் போனால் முன்சக்கரம் மேட்டில் ஏறும். முன்சக்கரத்தைக் குழியிலிருந்து விலக்கினால் பின்சக்கரம் ஒன்று அதே குழியில் நிச்சயம் விழும். அப்போது வண்டி ஒரு பக்கம் குலுங்கி, ஹாண்டிலும் கையில் உதறும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஸ்பிரிங்கை மென்மையாக்கத் துடிக்கிறார்கள். மென்மையாக்கினால் குலுக்கல் குறையும். ஆனால் அடுத்த வளைவில் வண்டி வெளிப்புறம் படுக்கப் பார்க்கும். ஆகவே ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து பின்பகுதி பக்கவாட்டில் ஆடுகிறதா? முன் போர்க்கில் எண்ணெய் இருக்கிறதா, ஒழுகிவிட்டதா? ஷாக் அப்சார்பர் அழுத்தி விட்டதும் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்கிறதா, இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? பக்கச் சக்கரம் இரண்டும் தனித்தனி ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகின்றனவா, அல்லது ஒரே இரும்புச் சட்டத்தில் விறைத்து நிற்கின்றனவா? விறைத்த சட்டத்துக்குப் பதில் தனி ஸ்பிரிங் அமைப்பது செலவுள்ள வேலை. ஆனால் எஸ்டேட் ரோட்டில் தினம் போய் வருகிறவருக்கு அது செலவல்ல, சேமிப்பு.

ஊட்டி சேரிங் கிராஸில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். 2,240 மீட்டர் உயரம். ஏறியாயிற்று, இனி இறங்க வேண்டும். உண்மையான பரீட்சை இதுதான்.

ஏறும்போது கனம் பின்னால் சரியும். முக்கோணம் பின்னால்தானே அகலம்? ஆகவே ஏறும்போது வண்டி சாது. இறங்கும்போது கனம் முன்னால் சரியும். பிரேக் பிடித்தால் இன்னும் சரியும். முன்னால் முக்கோணம் கூர்மை. முன்பு சொன்ன உதாரண வண்டியையே 12 அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், வளைவின் நடுவே ஓரளவு பிரேக் பிடித்தால், 26 கிலோமீட்டராக இருந்த எல்லை 22-க்கு இறங்கிவிடுகிறது. பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் வெறும் உருளல். இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

கியரில்லாத ஸ்கூட்டரில் இன்னொரு சூட்சுமம். வேகம் மிகவும் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும்; யந்திரத்தின் பிடிப்பு போய் வண்டி சுதந்திரமாக உருளும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க யந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்குகிறவர் முழுப் பாரத்தையும் பிரேக் டிரம் மேல் போடுகிறார். டிரம் காய்ந்தால் பிடிப்பு போய்விடும். நம் மலை ரயிலைப் பாருங்கள்! கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பன்னிரண்டரைக்கு ஒன்று சரிவு. பல் சக்கரம் தண்டவாளத்தின் நடுவே கவ்விக்கொண்டிருக்க, அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன். 1899 முதல் குன்னூருக்கு ஓடும் ரயில் அவ்வளவு ஜாக்கிரதையாக இறங்கும்போது, ஒற்றை டிரம்மை நம்பி நாம் இறங்கலாமா? பக்கச் சக்கரங்களுக்கும் பிரேக் அமைக்க முடியுமானால், மலையில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் செலவு அதுதான். மெத்தை இருக்கையும் கண்ணாடியும் அப்புறம்.

பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஒரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. 2019-இல் வந்த திருத்தம், மாற்றுத் திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டியையும் சட்டத்தில் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். போர்க், அச்சு, பிரேக் இவற்றில் கை வைக்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் விபத்து நேர்ந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் சட்டம் பேசுவார்.

சமவெளியில் செய்த வண்டி சமவெளிக்குத்தான் அளவெடுத்த சட்டை. மலைக்கு வந்தால் பிரித்துத் தைக்க வேண்டும். கோன் செட், நூல், காற்று, உயரம், பிரேக். அதற்கப்புறம் டிரெயிலும் ஸ்பிரிங்கும். இந்த வரிசையில் போனால் பாதி வேலை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். வரிசையைத் தலைகீழாக்கினால் பர்ஸ் காலியாகும். வண்டி அப்படியே இருக்கும்.

சொந்தத்தில் இத்தகைய வண்டி இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை குன்னூர் வளைவில் இறங்கும்போது, எதிரே ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் முனகிக்கொண்டு ஏறி வரக்கூடும். குறுகிய மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சற்று ஒதுங்கி நில்லுங்கள். ஹாரன் வேண்டாம். நடுவில் நின்றுவிட்டால் காலை ஊன்றி மறுபடி கிளம்ப அவரால் ஆகாது. ஆனால் ஓட்டம் தடைப்படாவிட்டால் பதினான்கு வளைவையும் அவரே ஏறிவிடுவார்.